சிங்கப்பூரிலிருந்து டோலமைட் மலைப் பூங்காக்களுக்கு: மாதம், உயரம், நேரம்

இத்தாலி போகும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று சுற்றிவிட்டு, இடையில் ஒரே ஒரு நாளை டோலமைட் மலைகளுக்கு ஒதுக்குகின்றன. அன்றைக்கென்று மேகம் இறங்கிவிட்டால் வாகன நிறுத்துமிடத்தையும் ஏரிக்கரையையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. நகரங்களில் ஒன்றைக் கழித்துவிட்டு, ஒரே பள்ளத்தாக்கில் ஐந்து இரவு தங்குங்கள். இரண்டு நாள் மழை அடித்தாலும் மூன்று நாள் மிஞ்சும். அதற்குப் பிறகு தீர்மானிக்க வேண்டியவை மூன்று: எந்த மாதம் போவது, எவ்வளவு உயரம் ஏறுவது, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது. நம் ஊரில் பருவமும் மாறுவதில்லை, மலையும் இல்லை. அதனால் இந்த மூன்றிலும் நமக்குப் பழக்கம் குறைவு, சிக்கலும் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

எதைப் பார்க்கப் போகிறோம்

ஆஸ்திரிய எல்லையை ஒட்டியிருக்கும் த்ரெண்டினோ–ஆல்டோ அடிஜே வட்டாரத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு. அதன் வடபாதியான தென் திரோல் மாகாணத்தில் ஏழு இயற்கைப் பூங்காக்கள் இருக்கின்றன. 1935ல் அமைந்த ஸ்டெல்வியோ தேசியப் பூங்காவின் ஒரு பகுதியும் அங்கேதான். தெற்கே த்ரெண்டினோவில் அடமெல்லோ–பிரென்டா, பனெவெஜ்ஜோ–பாலே டி சான் மார்த்தினோ பூங்காக்கள். டோலமைட் மலைத்தொகுதிகள் ஒன்பதை யுனெஸ்கோ 2009ல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பூங்காக்களுக்கு வேலி, நுழைவாயில், அனுமதிச்சீட்டு எதுவும் கிடையாது. உள்ளே மாடு மேயும், புல் அறுப்பார்கள், விறகு வெட்டுவார்கள். செலவெல்லாம் கேபிள் காருக்கும் வாகன நிறுத்தத்துக்கும்தான்.

டோலமைட் பாறை சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடலில் வளர்ந்த, பவளத்திட்டு போன்ற திட்டுகளிலிருந்து வந்தது. பச்சைப் புல்வெளியின் நடுவிலிருந்து வெளிறிய பாறை செங்குத்தாக எழும்பி நிற்பதற்கு அதுவே காரணம். முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டிகூடப் புல்வெளியில் உட்கார்ந்தபடி முழுச் சிகரத்தையும் பார்க்கலாம், ஏற வேண்டியதே இல்லை. ஆனால் இந்தப் பாறையில் விரிசல் அதிகம். மழை நீர் நேரே உள்ளே இறங்கிவிடும். மரங்கள் முடியும் உயரத்துக்கு மேல் ஓடையை எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் கையிலேயே இருக்க வேண்டும்.

எந்த மாதம்

பள்ளி விடுமுறையை வைத்துத்தான் நம்மவர்கள் தேதி குறிக்கிறார்கள். அதனால் அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

ஜூன் விடுமுறையின் முதல் இரண்டு வாரம் மலைக்கு மிகவும் சீக்கிரம். 2,000 மீட்டருக்கு மேலே, வடக்கு நோக்கிய சரிவுகளில் பனி கிடக்கும். பல மலைவிடுதிகளும் கேபிள் கார்களும் ஜூன் மூன்றாம் வாரத்தில்தான் திறக்கும். குறுகலான சரிவுப் பாதையில் கிடக்கும் பனித்திட்டு காலையில் கல்லைப் போல் இறுகியிருக்கும். சாதாரணக் காலணியோடு அதில் கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடுவீர்கள். பத்தே மீட்டர் அகலம்தானே என்று கடக்க வேண்டாம். வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஜூனில்தான் போக முடியும் என்றால் கடைசி வாரத்தைப் பிடியுங்கள். புல்வெளிகளில் பூ நிறைந்திருக்கும் சமயம் அது. பொழுது சாய இரவு ஒன்பது மணி ஆகும்.

ஜூலை, ஆகஸ்ட்டில் எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் அதிகம். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். அப்போது அறை கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது.

நம் பள்ளிகளின் செப்டம்பர் விடுமுறை ஒரு வாரம்தான் என்று பலர் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. முன்னும் பின்னும் வரும் வாரயிறுதிகளைச் சேர்த்தால் ஒன்பது நாள். பயணத்துக்கு இரண்டு நாளைக் கழித்தாலும் ஐந்து இரவு தாராளமாகக் கிடைக்கும். கோடைக்கால இடிமழை குறைந்திருக்கும், விடுதிகள் திறந்திருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். எங்களைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு.

நவம்பரில் போக வேண்டாம். நடைக்காலம் முடிந்து பனிச்சறுக்குக்காலம் தொடங்காத இடைவெளி அது. கேபிள் கார் நிற்கும், விடுதிகள் பூட்டியிருக்கும்.

எவ்வளவு உயரம்

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். பொல்சானோ நகரம் 260 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தில் இருப்பதால் கோடையில் 35 டிகிரிகூடத் தொடும். அங்கே வியர்த்து வழிந்தபடி குளிராடையை அறையில் விட்டுவிட்டுக் கேபிள் கார் ஏறுகிறவர்கள் 2,500 மீட்டரில் நடுங்குவார்கள். கணக்குப்படி அங்கே 20 டிகிரி இருக்கலாம். ஆனால் காற்றும் மேகமும் சேர்ந்துவிட்டால் அது பத்துக்கும் கீழே போனதுபோல் இருக்கும்.

நகரத்துக் குளிருக்கு வாங்கிய ஒற்றைத் தடிமன் கோட்டு இங்கே உதவாது. ஏறும்போது அதற்குள் வியர்க்கும், நின்றால் வியர்வை குளிரும். உடம்பை ஒட்டி வியர்வை உலரும் செயற்கை இழைச் சட்டை அல்லது மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத மெல்லிய மேலாடை. இந்த மூன்றும் பையில் இருக்க வேண்டும். ஜீன்ஸ், பருத்தி டீ-ஷர்ட் இரண்டும் நனைந்தால் உலராது. புற ஊதாக் கதிர் 1,000 மீட்டருக்குப் பத்து விழுக்காடு கூடும். குளிர்கிறதே என்று சூரியத் தடுப்புக் களிம்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

காலணி விஷயத்தில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மலையேற்றக் காலணிகள் பலவற்றின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. நம் ஈரப்பதத்தில், காற்றோட்டமில்லாத அலமாரியில் சில ஆண்டுகள் கிடந்தால் அந்த நுரை தானாகவே சிதையும். வெளித்தோல் புத்தம் புதிதாகத் தெரியும். முதல் நாள் ஏற்றத்தில் அடிப்பாகம் அப்படியே பெயர்ந்து விழும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்துச் சோதியுங்கள். பக்கவாட்டு நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உடனே மேலே எழும்பி வந்தால் நல்லது. மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, துகள் உதிர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள். பசை போட்டு ஒட்டினாலும் தாங்காது, ஏனென்றால் ஒட்டுவதற்கு உள்ளே உறுதியான பொருளே மிஞ்சியிருக்காது. சோதனையில் தேறியதையும் மெக்ரிட்சியில் மழை பெய்த மறுநாள் இரண்டு மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள்.

உடம்பைத் தயார்செய்ய நம்மிடம் மலை இல்லை. புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். ஆனால் அடுக்குமாடிப் படிக்கட்டு இருக்கிறது. ஒரு மாடி சுமார் 2.8 மீட்டர் என்று வைத்தால் 12 மாடி புளோக்கில் ஒரு முறை ஏறுவது 30 மீட்டர். பத்து முறை ஏறினால் 300 மீட்டர். நிதானமான மலை நடையில் ஒரு மணி நேரத்து ஏற்றம் அதுவே. வாரம் இரண்டு தடவை, ஆறு வாரம் செய்தால் போதும். ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குவதுதான் பலர் செய்யும் தவறு. மலையில் தொடையையும் முழங்காலையும் பதம் பார்ப்பது இறக்கம். படியிலேயே இறங்கிப் பழகுங்கள், கடைசி இரண்டு வாரம் ஐந்து கிலோ பையோடு. இறக்கத்தில் ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முழங்காலுக்கு நல்ல துணை. விமானத்தில் அவற்றைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள்.

சமையலறையோடு வாடகை வீடு எடுப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். 1,500 மீட்டர் ஊரில் அது 95 டிகிரி. அரிசி வேக நேரம் கூடுதலாகும், பருப்பு வேகவே வேகாததுபோல் இழுக்கும். துவரம்பருப்பை முன்னிரவே ஊறவைத்துவிடுங்கள்.

எத்தனை மணிக்கு

கோடையில் பிற்பகல் இடிமழை இந்த மலைகளின் வாடிக்கை. காலையில் வெயிலில் சூடான காற்று சரிவு வழியே மேலேறி, நண்பகலில் சிகரங்கள்மேல் மேகமாகத் திரண்டு, இரண்டு மூன்று மணிக்கு உடையும். இடியைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் ஓடி ஒதுங்கப் புளோக்கின் கீழ்த்தளம் இருக்கிறது. முகட்டில் எதுவும் இல்லை. அதனால் விதி எளிது: காலை எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள், பிற்பகல் ஒரு மணிக்குள் உயரமான இடத்தைவிட்டு இறங்கிவிடுங்கள். தாமதமாகி மாட்டிக்கொண்டால் முகடு, தனிமரம், பாறையில் பொருத்திய இரும்புக் கம்பிகள் ஆகியவற்றிலிருந்து விலகிச் சரிவில் இறங்குங்கள். ஒருவரோடொருவர் ஒட்டி நிற்காமல் இடைவெளி விட்டுக் குந்துங்கள்.

நடை நேரத்தைக் கணக்கிடும் முறை இது. சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர் உயரம், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர் உயரம். தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும், ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகவும் போடுங்கள். இரண்டில் பெரியதை முழுதாக எடுத்து, சிறியதில் பாதியைக் கூட்டுங்கள்.

எடுத்துக்காட்டாக வால் டி ஃபூனெஸ் பள்ளத்தாக்கில் பூவெஸ்–ஓட்லே பூங்காவுக்குள் ஓடும் அடால்ஃப் முங்கெல் பாதை, எண் 35. முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நடை இந்த வட்டாரத்தில் குறைவு. சன்னெஸ் வாகன நிறுத்துமிடத்தில் தொடங்கி, ஓட்லே சிகரங்களின் வடக்குச் சுவருக்கு நேர் அடியில், மரங்களுக்கும் பாறைச் சரிவுக்கும் இடையே போகும். மேய்ச்சல்வெளி விடுதியில் சாப்பிட்டுவிட்டுச் சுற்றி இறங்கலாம். சுமார் 9 கிலோமீட்டர், ஏற்றம் 450, இறக்கமும் 450 என்று வைப்போம். தூரத்துக்கு 2 மணி 15 நிமிடம். ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, இறக்கத்துக்கு 55 நிமிடம், சேர்த்தால் ஏறத்தாழ 2 மணி 25 நிமிடம். பெரியது இது. அதோடு தூரக் கணக்கில் பாதியைச் சேர்த்தால் சுமார் மூன்றரை மணி. பிள்ளைகள் இருந்தால் இன்னொரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி. எட்டுக்குக் கிளம்பினால் ஒன்றரை மணிக்குத் திரும்பலாம். பத்தரைக்குக் கிளம்பினால் மழை உங்களைப் பாதி வழியில் பிடிக்கும்.

பாதைகள் சிவப்பு–வெள்ளைப் பட்டையாலும் எண்ணாலும் குறிக்கப்பட்டிருக்கும். கடினத்தையும் எழுத்தால் காட்டுவார்கள்: டி (T) என்றால் உலாப் பாதை, ஈ (E) என்றால் சாதாரண மலைப்பாதை, ஈஈ (EE) என்றால் அனுபவசாலிகளுக்கு, ஈஈஏ (EEA) என்றால் இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் ஈயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பனியாறுகளின் மேல் வழிகாட்டி இல்லாமல் கால் வைக்கவே வேண்டாம். 2022 ஜூலை 3ஆம் தேதி மர்மொலாடா பனியாற்றில் ஒரு பாளம் உடைந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள்.

நடக்கவே முடியாதவர்கள் இருந்தால் ஆல்ப்பே டி சியூசி. 56 சதுர கிலோமீட்டர் பரந்த மலைப் புல்வெளி, தள்ளுவண்டிகூடப் போகும் பாதைகள். காலை 9 முதல் மாலை 5 வரை சொந்தக் காரில் ஏற முடியாது. சியூசியிலிருந்தோ ஓர்த்திசேயிலிருந்தோ கேபிள் காரில் போக வேண்டும். பிராயெஸ் ஏரிக்கும் கோடை உச்சத்தில் பகல் நேரத்தில் முன்பதிவில்லாமல் கார் விட மாட்டார்கள்.

கடப்பிதழும் வண்டியும்

ஒரே வீட்டில் மூன்று வகைக் கடப்பிதழ் இருப்பது நம்மிடையே சாதாரணம். சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ்களுக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் தங்கலாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் சிங்கப்பூர் நிரந்தரவாசியாகவே இருந்தாலும் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி அவசியம். ஜூன் பயணத்துக்கு ஏப்ரலில் நேரம் தேடினால் கிடைப்பது கடினம், ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள். விசா வேண்டாதவர்களும் பயணக் காப்புறுதியில் மலை மீட்புச் செலவு அடங்குமா, உயர வரம்பு ஏதும் உண்டா என்று வாசித்துவிட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்து மிலானுக்கும் மியூனிக்குக்கும் நேரடி விமானம் உண்டு. மிலானிலிருந்து வெரோனா வழியாகவும், மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாகவும் ரயிலில் பொல்சானோ சேரலாம். அங்கிருந்து பள்ளத்தாக்குகளுக்குப் பேருந்து. கார் கட்டாயம் இல்லை. தென் திரோலில் பல தங்குமிடங்கள் விருந்தினர் அட்டை தருகின்றன, அதைக் காட்டினால் பேருந்தும் வட்டார ரயிலும் இலவசம். பதிவு செய்யும்போதே கேளுங்கள். பள்ளத்தாக்கின் உள்ளேயிருந்து புறப்படும் கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடும், அதைத் தவறவிட்டால் டாக்சி எளிதில் கிடைக்காது. இன்னொன்று: ஊர்ப்பெயர்கள் இத்தாலியம், ஜெர்மன், சில இடங்களில் லதீன் (Ladin) என்ற வட்டார மொழியிலும் எழுதப்பட்டிருக்கும். ஓர்த்திசேய்தான் சாங்க்ட் உல்ரிக். இரண்டு பெயரையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார் எடுப்பதானால் சிங்கப்பூர் உரிமத்தோடு அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிங்கப்பூர் அதைத் தருகிறது.

சாப்பாடு

மலைவிடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு இதமானது, ஆனால் பன்றி இறைச்சி எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்கும். கனெடெர்லி என்ற ரொட்டி உருண்டையில் வழக்கமாக ஸ்பெக், அதாவது புகையூட்டிய பன்றித்தொடை இறைச்சி, இருக்கும். வாற்கோதுமை சூப்பிலும் அப்படியே. கூலாஷ் பெரும்பாலும் மாட்டிறைச்சி. சைவத்துக்குப் பாலாடைக்கட்டியோ காளானோ சேர்த்த பொலென்டா என்ற மக்காச்சோளக் களி, கீரை கனெடெர்லி கிடைக்கும். இரண்டாவதில் முட்டை உண்டு. பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கிறார்கள், கடுஞ்சைவக்காரர்கள் அதையும் தவிர்க்க வேண்டியிருக்கும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி, மீன், முட்டை, கொழுப்பு என்று வேண்டாததை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும்போதே எழுதி அனுப்புங்கள். விடுதிக்குப் பொருள் கம்பிவட வண்டியில்தான் ஏறுகிறது, அன்றைக்குக் கேட்டால் கிடைக்காது.

தேக்காவில் பொடி, தொக்கு, ஊறுகாய் வாங்கிப் போகலாம். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை உண்டு, சுங்கத்தில் பறிமுதல் செய்வார்கள்.

விடுதியில் இரவு தங்குவதானால் மெல்லிய உறங்கு உறை, உள்ளே போடச் செருப்பு, ரொக்கம் மூன்றும் தேவை. இரவு பத்துக்கு விளக்கணைப்பார்கள்.

பூங்காவுக்குள்

பூப் பறிக்கக் கூடாது, ட்ரோன் கூடாது, கூடாரம் அடிக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. இவை எல்லாருக்கும் தெரியும். பலரும் பொருட்படுத்தாத ஒன்று குறுக்குவழி. செங்குத்தான சரிவில் பாதை வளைந்து வளைந்து இறங்கும். இறங்குகிறவர்கள் வளைவை வெட்டி நேராகக் குதிக்கிறார்கள். அந்த உயரத்தில் புல் வளர ஆண்டில் மூன்று நான்கு மாதம்தான். பத்துப் பேர் மிதித்த இடத்தில் வேர் பிடி விடும், அடுத்த இடிமழையில் நீர் அந்தக் கோட்டிலேயே ஓடி மண்ணை அரிக்கும், இரண்டு கோடையில் அது கல் உருளும் ஓடையாகிக் கீழே இருக்கும் பாதையையும் உடைக்கும். மண் மறுபடி பிடிக்க ஒரு தலைமுறை ஆகலாம். பிள்ளைகளுக்கு இதை முதல் வளைவிலேயே காட்டிச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

மேய்ச்சல்வெளியில் படலைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுவை நெருங்கிப் படம் எடுக்க வேண்டாம், அது பாயும். உயரம் குறைந்த புதர்க்காடுகளில் உண்ணி உண்டு, மூளைக் காய்ச்சலைப் பரப்பக்கூடியது. நீளக் காற்சட்டை போடுங்கள், மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் பாருங்கள். 2018 அக்டோபரில் வீசிய வாயா புயலில் இங்கே பெருங்காடுகள் சாய்ந்தன, பின்னால் பட்டை வண்டு மிச்சத்தையும் அரித்தது. பழுப்பாகக் காய்ந்து நிற்கும் ஊசியிலை மரங்கள் அதன் விளைவு. மரம் வெட்டும் இடத்தில் பாதையை மூடியிருப்பார்கள். தடுப்பு நாடாவைத் தாண்டாதீர்கள்.

அவசரத்துக்கு 112. பாதை எண்ணையும் கடைசியாகக் கடந்த விடுதியின் பெயரையும் சொன்னால் விரைவில் கண்டுபிடிப்பார்கள், ஆகவே அவற்றைக் கவனித்தபடியே நடங்கள். கைப்பேசிக்குச் சமிக்ஞை இல்லையென்றால் விசிலோ விளக்கோ நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். ஹெலிகாப்டர் தலைக்குமேல் வந்தால் இரு கைகளையும் உயர்த்தினால் "உதவி வேண்டும்", ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் "வேண்டாம்" என்று பொருள். அது வேறு யாரையோ மீட்கப் போகிறதென்றால் மகிழ்ச்சியில் இரு கைகளையும் தூக்கி ஆட்டாதீர்கள், உங்களுக்காக இறங்கிவிடுவார்கள்.